ஷாகா ஹிஸ்லாப்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

ட்ரினிடாட் கோல்கீப்பர், இப்போது இஎஸ்பிஎன் கால்பந்து நிகழ்ச்சிகளில் பேசுகிற ஷாகா ஹிஸ்லாப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, அவர் நாசாவில் வேலை பார்த்தார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, கட்டுக்கதைதானே?

பாதி உண்மை. வேலை இல்லை, மாணவராக இன்டர்ன்ஷிப். வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். படிப்பை முடித்துவிட்டுத்தான் 1992இல் இங்கிலாந்தின் ரெடிங் அணிக்குப் போனார். படிக்கும்போதே, 1988இல், அமெரிக்கக் கல்லூரிகளுக்கான கால்பந்து இறுதிப் போட்டி வரை போய் இண்டியானாவிடம் 1-0 தோல்வி. இந்தத் தோல்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் சில வரும்.

கேள்வி: பெரிய கோப்பை எதுவும் ஜெயிக்காத ஒருவரை ஏன் இப்படித் தூக்கி வைக்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. போர்ட்ஸ்மத் 2003இல் இரண்டாம் நிலை லீக்கை ஜெயித்து, இங்கிலாந்தின் முதல் நிலையான பிரீமியர் லீகுக்கு ஏறியபோது கோல் அவர் கையில்தான் இருந்தது. அதை விட்டால் பெரும்பாலும் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாத கதைதான்.

1995இல் ரெடிங் இரண்டாம் நிலை லீகில் இரண்டாவதாக முடித்தது. வேறு எந்த வருடமாக இருந்தாலும் நேராக பிரீமியர் லீக். அந்த வருடம் பார்த்து பிரீமியர் லீக் 22 அணிகளிலிருந்து 20ஆகக் குறைந்தது, அதனால் மேலே ஏறும் இடமும் ஒன்று குறைந்தது. சரி, மிச்சமிருந்த ஒரு இடத்துக்கான பிளே ஆஃப் ஆடலாம் என்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்துக்குப் போனார்கள். போல்டனுக்கு எதிராக 2-0 முன்னிலை, கையில் ஒரு பெனால்டி வேறு. அதை போல்டன் கீப்பர் தடுத்துவிட்டார். கூடுதல் நேரத்தில் 4-3 என்று தோற்றார்கள்.

அடுத்த சீசனில் அவர் நியூகாசில் அணிக்குப் போனார். பிரீமியர் லீகில் ஜனவரி 1996இல் 12 புள்ளி முன்னிலை, மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கோப்பை.

பத்து வருடம் கழித்து, இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை 2006 இறுதிப் போட்டி, கார்டிஃப். இப்போது அவர் அணி வெஸ்ட் ஹாம், மறுபடி 2-0 முன்னிலை. பிறகு 3-2. தொண்ணூறு நிமிடம் தாண்டியபின் லிவர்பூலின் ஜெரார்ட் ரொம்ப தூரத்திலிருந்து அடித்த அடி வலைக்குள். அதற்குச் சற்று முன் பந்தை வெளியேற்றப் பார்த்து ஜெரார்டிடமே அனுப்பியவர் வெஸ்ட் ஹாமின் ஸ்கலோனி. ஆமாம், பின்னாளில் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் அதே ஆள்தான். 3-3 ஆகி, பெனால்டி உதைகளுக்குப் போனது. ஹிஸ்லாப் லிவர்பூலின் ஹூபியாவின் உதையைத் தடுத்தார். எதிர்ப்பக்கம் கீப்பர் ரெய்னா மூன்றைத் தடுத்துவிட்டார், கோப்பை லிவர்பூலுக்கு.

நான் அவரை விரும்பிக் கேட்பது இதனால்தான். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கித் தோற்கும் என்பதைக் கோல் வாசலில் நின்று பார்த்தவர். கோல் அடித்துப் பழகிய முன்னாள் வீரர்கள் பலர் கடைசி உதையைப் பற்றித்தான் பேசுவார்கள். இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வராதீர்கள்.

கேள்வி: லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் நியூகாசில் 4-3 என்று தோற்ற அந்தப் பிரபலமான ஆட்டத்தில் இவர்தானே கீப்பர்?

இல்லை, செக் நாட்டு கீப்பர் பாவெல் ஸர்னிச்செக். அந்த 1995-96 சீசனில் ஹிஸ்லாப் காயத்தால் ஒதுங்க வேண்டியிருந்தது, பொறுப்பை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அந்த நாலு கோலை இவர் கணக்கில் எழுத வேண்டாம்.

கேள்வி: சார், 2006 உலகக் கோப்பையில் அவர் முதல் கீப்பரே இல்லை என்கிறார்களே?

உண்மைதான். ட்ரினிடாடின் முதல் ஆட்டம் டார்ட்மண்டில் ஸ்வீடனுக்கு எதிராக. ஆட வேண்டியவர் கெல்வின் ஜாக். வார்ம் அப்பில் அவருக்குக் காயம், கடைசி நேரத்தில் 37 வயது ஹிஸ்லாப் உள்ளே. எதிரே இப்ராஹிமோவிச், லார்சன், யுங்பெரி. இடைவேளை முடிந்து வந்ததும் ட்ரினிடாடின் ஏவரி ஜானுக்கு ரெட் கார்டு, பத்துப் பேராகிவிட்டார்கள். ஆட்டம் 0-0. சுமார் 13 லட்சம் மக்கள்தொகை, அதுவரை உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதிலேயே சின்ன நாடு!

இங்கிலாந்து ஆட்டத்திலும் 83ஆம் நிமிடம் வரை கோல் விடவில்லை. அப்புறம் இங்கிலாந்தின் க்ரவுச் தலையால் முட்டி அடித்தார். அவர் எம்பும்போது ட்ரினிடாட் டிஃபெண்டர் சாஞ்சோவின் சடைமுடியைப் பிடித்து இழுத்தது புகைப்படத்தில் தெளிவாகவே இருக்கிறது. நடுவர் பார்க்கவில்லை.

கேள்வி: லண்டனில் பிறந்தவர்தானே, இங்கிலாந்துக்கு ஏன் ஆடவில்லை?

பிறந்தது லண்டன் ஹாக்னியில், 1969இல். வளர்ந்தது ட்ரினிடாடில். 1998இல் இங்கிலாந்து அணிக்கு அழைத்தார்கள், ஆனால் சீனியர் ஆட்டம் எதிலும் இறக்கவில்லை. பிறகு ட்ரினிடாட் பக்கம் போய்விட்டார்.

கேள்வி: இனவெறிக்கு எதிரான பிரச்சாரத்தில் அவர் பெயர் வருவது எதனால்?

நியூகாசிலில் ஒரு இரவு பெட்ரோல் பங்கில் குடும்பத்தோடு நின்றிருக்கிறார். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து சில பையன்கள் இனத்தைச் சொல்லித் திட்டுகிறார்கள். அதில் ஒருவன் இது நம்ம அணி கீப்பர் என்று கண்டுபிடித்ததும், அதே கூட்டம் ஆட்டோகிராஃப் கேட்டு ஓடி வருகிறது. திட்டை விட அந்த ஆட்டோகிராஃப்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பிரபலம் என்றால் மனிதன், இல்லையென்றால் இல்லையா? அந்தப் புகழையே வைத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசலாம் என்று முடிவெடுத்தார். 1996இல் 'ஷோ ரேசிசம் த ரெட் கார்டு' என்ற இனவெறி எதிர்ப்பு அமைப்பு தொடங்கியபோது முதல் ஆதரவாளர்களில் ஒருவர் இவர்.

கேள்வி: நேரலையில் மயங்கி விழுந்தாரே, இப்போது எப்படி இருக்கிறார்?

அது ஜூலை 2023, கலிஃபோர்னியாவின் ரோஸ் போல் மைதானம், ரியல் மாட்ரிட் – மிலான் ஆட்டத்துக்கு முன்பு. நல்ல வெயில். பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சக தொகுப்பாளர் டான் தாமஸ் மேல் சாய்ந்து விழுந்தார். நினைவு திரும்பிவிட்டது என்று இடைவேளையில் தாமஸ் சொன்னார். மறுநாள் ஹிஸ்லாப்பே நன்றி சொல்லி வீடியோ போட்டார். பிறகு வேலைக்கும் திரும்பினார். அந்தக் கிளிப்பைத் தயவுசெய்து பகிராதீர்கள்.

கேள்வி: ஆடுவதை எப்போது விட்டார்?

கடைசியாக அமெரிக்காவில் எஃப்சி டல்லாஸ். 2007இல் நிறுத்தினார், பிறகு டிவி.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்றால் எது?

எல்லோரும் ஸ்வீடன் என்பார்கள், நானும்தான். இரண்டாம் பாதியை மட்டும் பார்த்தால் போதும். பந்து இல்லாத நேரத்தில் அவர் டிஃபெண்டர்களை எங்கெங்கே நிறுத்துகிறார் என்று கவனியுங்கள்.