பூச்சுப் போட்ட டயாலிசிஸ் டியூப் அடைக்காதா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அப்பாவுக்கு 61 வயது. மூன்று மாதமாகக் கழுத்தில் பெர்ம்கேத் என்ற டயாலிசிஸ் டியூப் போட்டு, வாரம் இரண்டு முறை மேட்டுப்பாளையம் இறங்கி டயாலிசிஸ் செய்துவருகிறோம். போன மாதம் டியூப் அடைத்துக்கொண்டது. உள்ளே மருந்து விட்டுச் சரிசெய்தார்கள். மறுபடி அடைத்தால் மாற்ற வேண்டுமாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைப் பூச்சாகப் போட்ட டியூப் கிடைக்கும், ஆனால் விலை கூடுதல் என்கிறார்கள். அதைப் போட்டால் அடைக்காதா? ஒவ்வொரு முறையும் ஹெப்பாரின் ஏற்றுவதையாவது நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் காசு விஷயம். அந்தக் கூடுதல் பணத்தைப் பூச்சுக்குக் கொடுக்க வேண்டாம், கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் ஆபரேஷன்) போடுவதற்கு எடுத்து வையுங்கள் என்பேன். காரணம் உங்கள் வீட்டு டம்ளரிலேயே இருக்கிறது.

புது டம்ளரில் நாலு நாள் டீ குடித்தால் உள்ளே கறை படிகிறதல்லவா? ரத்தத்துக்கு நாலு நாள் வேண்டாம், சில விநாடி போதும். உடம்புக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் ரத்தத்திலுள்ள புரதங்கள் அதன்மேல் ஓடிவந்து ஒட்டுகின்றன. முதலில் ஒட்டியதைத் தள்ளிவிட்டு அடுத்தது உட்காரும். இப்படி ஆள் மாறுவதைக் கண்டு சொன்னவர் லியோ வ்ரோமன். அவர் டச்சு மொழியில் பேர்பெற்ற கவிஞரும்கூட. ஒட்டுகிறவற்றில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் இருந்தால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அதைப் பிடித்துக்கொள்ளும், உறைதல் தொடங்கிவிடும்.

இதைத் தடுக்கத்தான் பூச்சு. 1963-இல் அமெரிக்க இதய அறுவை மருத்துவர் வின்சென்ட் காட் குழுவினர் கிராஃபைட் பூசிய பரப்பில் ஹெப்பாரினை ஏற்றிக் காட்டினார்கள். ஆனால் அங்கே ஹெப்பாரினைப் பிடித்து வைத்திருந்தது மின்னேற்றக் கவர்ச்சி மட்டும்தான். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கரைந்து போய்விடும். சரி, அழுத்தமாக ஒட்டிவிடலாம் என்றால் வேறு சிக்கல். ஹெப்பாரின் தானாக எதையும் தடுப்பதில்லை. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைப் பிடித்து முடுக்கிவிடுகிறது. அந்தப் புரதம் ஆயிரம் மடங்கு வேகத்தில் உறைதலை அடக்குகிறது. வேலை முடிந்ததும் ஹெப்பாரின் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும். உடம்பு முழுக்கப் பசை தடவிப் படுக்கவைத்தால் எதைப் பிடிக்கும்? 1983-இல் ஸ்வீடனில் ஒரு குழு இதற்கு வழி கண்டது: ஒரு நுனியை மட்டும் பரப்போடு வேதிப்பிணைப்பால் கட்டிவிட்டு மீதியை ஆடவிடுவது. முளைக்குச்சியில் கட்டிய மாடு சுற்றி மேய்கிற மாதிரி.

நல்ல வேலைதான், சந்தேகமில்லை. இதய அறுவையில் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுற்றவிடும் இயந்திரத்தின் குழாய்களில் இந்தப் பூச்சு நன்றாக உதவுகிறது. ஆனால் அங்கே கணக்கு மணிகளில். அப்போதுகூட நோயாளிக்குத் தனியாக ஹெப்பாரின் கொடுக்காமல் இருப்பதில்லை. உங்கள் அப்பாவின் டியூப் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கப் போகிறது. நாளாக ஆக, பூச்சின் மேலேயே கறை படியும். இன்னொன்று, அடைப்பு எப்போதும் டியூபுக்குள்தான் வரும் என்றில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் டியூப் உரசும் இடத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரு உறை வளர்ந்து, நுனியை மூடிவிடும். நுனி இடம் மாறியிருந்தாலும் ரத்தம் வராது. மெஷினுக்கு நிமிடத்துக்கு 250, 300 மில்லி வேண்டுமே, வளைந்து கிடக்கும் டியூபிலிருந்து எப்படி வரும்? மாற்றுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுத்து நுனி எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இதயத்தில் வைக்கும் உலோக வால்வும் இப்படித்தான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட நம் நாட்டு வால்வானாலும், வெளிநாட்டு வால்வானாலும், ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை உண்டு.

ஆகவே ஹெப்பாரினை நிறுத்தும் பேச்சே வேண்டாம். டயாலிசிஸ் முடிந்ததும் டியூபின் இரண்டு கிளைகளிலும் ஹெப்பாரினை அளந்து விட்டுப் பூட்டுகிறார்களே, அந்த அளவு அந்தந்தக் கிளையிலேயே அச்சிட்டிருக்கும். உற்றுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அடுத்த முறை அதை உறிஞ்சி எடுத்த பிறகுதான் மெஷினில் மாட்டுவார்கள். வீட்டில் யாரும் அதைத் திறக்கவோ எதையும் செலுத்தவோ கூடாது. அப்பாவுக்கு எப்போதாவது ஹெப்பாரினால் தட்டணு குறைந்தது என்று சொல்லியிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது ஹெப்பாரின் பூச்சுள்ள டியூபும் ஆகாது, ஹெப்பாரின் பூட்டும் ஆகாது. அதற்குப் பதிலாகச் சிட்ரேட் என்ற வேறு உறைதடுப்புக் கரைசல் போட்டுப் பூட்டச் சொல்ல வேண்டும். டாக்டரிடம் இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

மலைக்காரர்களுக்கு இன்னொன்று. டயாலிசிஸ் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், அல்லது வீடு திரும்பியதும், உடம்பு தூக்கிப் போடுவது போல நடுங்கினால் 'பனி, குளிர்' என்று கம்பளியைப் போர்த்திப் படுக்கவிடாதீர்கள். கழுத்து டியூபில் கிருமி ஏறினாலும் இப்படித்தான் நடுங்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரி. மஃப்ளர் கட்டும்போதும் டியூபின் மேல் சுற்றி இழுக்காமல் தளர்வாகக் கட்டட்டும்.

இப்போது ஃபிஸ்டுலா. 1966-இல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட யோசனை. கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துவிடுவது, அவ்வளவுதான். நம் ரத்தக்குழாயின் உட்சுவரில் உயிருள்ள செல்கள் ஹெப்பாரினுக்கு உறவான ஒன்றைத் தாங்களே செய்து பரப்பிக்கொண்டிருக்கின்றன. தேய்ந்தால் மறுபடி செய்துகொள்கின்றன. இந்தப் பூச்சை எந்தக் கம்பெனியும் விற்க முடியாது. ஊசி போடும் அளவுக்கு அது தேற ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதனால் டியூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்ஜனைப் பாருங்கள், அடைத்த பிறகு ஓடாதீர்கள்.

போட்ட பிறகு அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடக் கூடாது. பச்சைத் தேயிலை மூட்டையின் பட்டை அந்தத் தோளில் ஏறக் கூடாது. ஸ்வெட்டர் கை இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்துவிடுங்கள். தினமும் காலையில் அப்பா மறுகையின் விரலை அங்கே வைத்துப் பார்க்கட்டும்: பூனை வயிற்றைத் தொட்டது போல 'கிர்ர்' என்று அதிர வேண்டும். அதிரவில்லையென்றால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காதீர்கள். கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்து கிடந்தாலும் குன்னூர் வழியாகச் சுற்றியாவது அன்றைக்கே இறங்கிவிடுங்கள்.