கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் கேமராவைத் தூக்கினாலே சண்டைக்கு வருகிறார்களே, என்ன செய்வது?

பொது இடத்தில் படம் எடுப்பதைப் பொத்தாம்பொதுவாகத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் கோபத்தில் வருகிறவரிடம் சட்டம் பேசினால் கூட்டம்தான் சேரும். கேமராவை இறக்கிவிட்டு, "அண்ணா, பொள்ளாச்சியிலிருந்து வர்றேனுங்க, சந்தையைத்தான் எடுத்தேன், பாருங்க" என்று திரையைக் காட்டுங்கள். அங்கே தமிழே போதும், மலையாளம் வராதே என்று தயங்க வேண்டாம். தன் முகம் வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள்; ஒரு படத்துக்காக மல்லுக்கட்டுவது வீண். தூரத்தில் நின்று பெரிய லென்ஸில் எடுப்பதுதான் அதிகம் சந்தேகத்தைக் கிளப்பும். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் முதலிலேயே கேளுங்கள்.

சோதனைச் சாவடி, அணை எல்லாம் வேறு கதை. 1923-ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட இடம் என்றால் வழக்கு வரைக்கும் போகலாம். அங்கே அனுமதி இல்லாமல் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.