பல் உடைந்த வழக்கு பலமானது. நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திதான் ஆபத்து

கேள்வி: குடும்பத்துடன் ஒரு நகர ஓட்டலில் இரண்டு இரவு தங்கினோம். ரூம் கொடுக்கவே மூன்று மணி நேரம் தாமதம். ரிசப்ஷனில் ஏளனமாகப் பேசினார்கள். ஏசி வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் இரவு அவர்கள் ரெஸ்டாரன்டில் சாப்பிடும்போது உணவில் இருந்த கம்பித் துண்டைக் கடித்து என் கடைவாய்ப் பல் உடைந்தது. துண்டை மேனேஜர் "விசாரணைக்கு" என்று வாங்கிக்கொண்டார். மறுநாள் பல் மருத்துவரிடம் போனேன். ரூட் கெனால், கிரவுன் என்று 23,400 ரூபாய் செலவு. பில்லில் சர்வீஸ் சார்ஜ் வேறு. ரூம் என் மைத்துனர் பெயரில் இருந்தது. 19 மாதங்களாக "உள்விசாரணை நடக்கிறது" என்றே மெயில் வருகிறது. ஆத்திரத்தில், செஃப் குடித்துவிட்டுத்தான் சமைக்கிறார் என்று ரிவ்யூ எழுதினேன். "10 லட்சம் தராவிட்டால் எல்லா இடத்திலும் போடுவேன்" என்று மேனேஜருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். இப்போது அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. சிகிச்சைச் செலவையும் டின்னர் பில்லையும் தருகிறார்களாம், கூடவே இரண்டு நாள் இலவசத் தங்கல் வவுச்சர். இது நியாயமா?

பதில்: ரூம் தாமதம், ரிசப்ஷன் பேச்சு, ஏசி மூன்றையும் ஒதுக்கிவையுங்கள். உங்களுக்கு நடந்தது அவமானம்தான். ஆனால் அவற்றைப் புகாரில் சேர்த்தால், எல்லாவற்றிலும் குறை காண்பவர் என்று எதிர்த்தரப்பு உங்களைக் காட்ட நீங்களே வழி செய்துகொடுத்ததாக ஆகும். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அது தனிப் புகார், இதில் கலக்காதீர்கள். ரூம் மைத்துனர் பெயரில் இருந்ததும் தடையல்ல. பணம் கட்டியவரின் ஒப்புதலோடு சேவையைப் பயன்படுத்தியவரும் சட்டப்படி நுகர்வோரே.

சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தத் தட்டில் கம்பி இருந்தது, அதனால்தான் பல் உடைந்தது என்பதற்கு எழுத்து ஆதாரம். துண்டைக் கைவிட்டுவிட்டீர்கள்; போனது போகட்டும். உங்கள் கையில் இன்னும் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. மேனேஜரின் முதல் மெயிலில், "நேற்று இரவு உங்கள் உணவில் உலோகத் துண்டு காணப்பட்டதற்கு வருந்துகிறோம்" என்று இருக்கிறது. இணைத்திருக்கும் மருத்துவரின் சீட்டில், மறுநாள் தேதியோடு, "உணவில் கடினப் பொருளைக் கடித்ததால் முறிவு" என்று இருக்கிறது. வழக்கு இந்த இரண்டிலும் நிற்கிறது. மெயிலைப் பிரின்ட் எடுத்துவிட்டு அழித்துவிடாதீர்கள். மூலம் உங்கள் இன்பாக்ஸிலேயே இருக்கட்டும். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்துக்குத் தேவையான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

நுகர்வோர் புகார் கொடுக்கக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். ஓட்டலின் உள்விசாரணை அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டிக்காது. கனிவான பதில்களை நம்பி இரண்டு ஆண்டைக் கடத்திவிட்டு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு வந்து நிற்கும் கட்சிக்காரர்களை நிறையவே பார்க்கிறேன். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

இனி நான் உண்மையில் கவலைப்படும் விஷயம். ரிவ்யூவில் இரண்டு விதமான வாக்கியங்கள் இருக்கின்றன. "என் உணவில் கம்பி இருந்தது, பல் உடைந்தது" என்பது உங்கள் அனுபவம், ஆதாரமும் இருக்கிறது. "செஃப் குடித்துவிட்டுச் சமைக்கிறார்" என்பது ஒரு தனிமனிதர் மீதான குற்றச்சாட்டு. பார்த்தீர்களா? இல்லை, ஒரு சர்வர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த சர்வர் தன் வேலையைப் பணயம் வைத்து உங்களுக்காகச் சாட்சி சொல்ல வரமாட்டார். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், அவதூறு பற்றிய 356-ஆம் பிரிவில் உண்மை என்பது தற்காப்புதான். ஆனால் அது உண்மை, பொது நலனுக்காகச் சொன்னது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

அதைவிட மோசம் அந்த வாட்ஸ்அப். இழப்பீடு கேட்பது உங்கள் உரிமை. ரிவ்யூ எழுதுவதும் உங்கள் உரிமை. "பணம் தா, இல்லையென்றால் போடுவேன்" என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டியதும், மிரட்டிப் பணம் பறித்தல் என்று அதே சட்டத்தின் 308-ஆம் பிரிவைக் காட்டிப் புகார் கொடுக்க அவர்களுக்கு வழி திறந்துவிட்டது. பணம் கைமாறியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அச்சுறுத்த முயல்வதற்கே அதில் தனி உட்பிரிவு இருக்கிறது. கடைசியில் விடுதலையாகலாம். அதுவரை ஸ்டேஷனுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைவது நீங்கள்தான். ஓட்டலுக்கு அலைய மாதச் சம்பளத்தில் ஆள் இருக்கிறார். அசைக்க முடியாத நுகர்வோர் வழக்கை வைத்திருந்தவர்கள், இப்படி ஒரு வரியை அனுப்பிவிட்டு, "இரு தரப்பும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வோம்" என்று கெஞ்சும் நிலைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். காயம்பட்டவர்கள் வெறுங்கையோடு திரும்புவது எனக்கு இன்றும் ஆறவில்லை.

எனவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். 10 லட்சத்தை மறந்துவிடுங்கள். சிகிச்சைச் செலவு, வலிக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு மிதமான தொகை, வழக்குச் செலவு என்றுதான் மாவட்ட நுகர்வோர் ஆணையம் கணக்குப் போடும். எல்லாம் சேர்த்து 75,000-க்கும் ஒரு லட்சத்துக்கும் இடையில் முடிந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வவுச்சர் வேண்டாம். பல்லை உடைத்த இடத்தில் நீங்கள் மறுபடி தங்கப்போவதில்லை.

இன்றே செஃப் பற்றிய வரியை நீங்களாகவே நீக்குங்கள், மற்றது இருக்கட்டும். இதைப் பேரத்தில் வைக்காதீர்கள், வைத்தால் பழைய மிரட்டலின் தொடர்ச்சியாகவே தெரியும். மேனேஜருக்கு இனி போனும் வேண்டாம், மெசேஜும் வேண்டாம். நோட்டீஸுக்கு அதில் குறித்த கெடுவுக்குள் வக்கீல் மூலம் பதில் போக வேண்டும். சமரசம் பேசுவதால் உங்கள் உரிமை எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாமல் இருக்க, "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற தலைப்போடு, நீங்கள் கேட்கும் சமரசத் தொகையைத் தனிக் கடிதத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

ஒப்பந்தக் கடிதம் வரும்போது ஒரு வரியைத் தேடுங்கள். "என் புகார் தவறான புரிதலால் எழுந்தது" என்றோ, அதே பொருளில் வேறு சொற்களிலோ நடுவில் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால், பல் உடைந்ததே பொய் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும். செஃப் தனியாகத் தொடுக்கக்கூடிய அவதூறு வழக்குக்கு அதுவே முதல் ஆவணம். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். நோட்டீஸை வாபஸ் வாங்குவதாகவும், சிவில், கிரிமினல் எந்த நடவடிக்கையும் எடுக்கப்போவதில்லை என்றும் ஓட்டலும் எழுதித் தரட்டும். செஃப்பும் தனியாகக் கையெழுத்திட வேண்டும், ஏனெனில் நிர்வாகத்தின் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது. பணம் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகே உங்கள் கையெழுத்து.

இரண்டு மாதத்துக்குள் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுவைப் போட்டுவிடுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை.