யாருடைய பேனல் போகும்?

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் ஐந்து வருடமாக, பழைய கணினிகளிலும் ஓடக்கூடிய ஒரு லேசான டெஸ்க்டாப் சூழலை ஓய்வு நேரத்தில் எழுதி வருகிறோம். சாளரம், பட்டன் எல்லாம் வரைந்து தரும் ஜிடிகே என்ற நூலகத்தின் 2-ஆம் பதிப்பில் எழுதியது. இதே வேலையை க்யூடி என்ற வேறொரு நூலகத்தில் செய்யும் இன்னொரு தன்னார்வலர் குழு, ‘சேர்ந்துவிடலாமா’ என்று கேட்கிறது. இரண்டு பக்கமும் ஆள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் சேர்ந்தால், திரை ஓரத்தில் மெனுவும் கடிகாரமும் இருக்கும் பட்டையான, நான் எழுதிய பேனலைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எங்கள் சிட்டுக்குருவிச் சின்னமும் போய்விடும். சேரலாமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: சேரலாம். பேனல் போகத்தான் செய்யும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சேர்ந்தால் பேனல் போகும், சேராவிட்டால் இருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கில்தான் கோளாறு. 2020 டிசம்பரில் ஜிடிகே 4 வந்த கையோடு ஜிடிகே 2-இன் பராமரிப்பு நின்றுவிட்டது. தனியாகவே இருந்தாலும் அந்தப் பேனலை ஜிடிகே 3-க்கோ 4-க்கோ மாற்றி எழுதியாக வேண்டும். அது முடிவதற்குள், திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலேண்ட் வந்து வாசலில் நிற்கும். ஆக, இன்றைய வடிவில் அந்தப் பேனல் எப்படியும் நிலைக்காது. அடுத்த பேனலை மூன்று பேராக எழுதுவதா, ஆறேழு பேராக எழுதுவதா என்பதை மட்டும்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு அச்சாகப் பொருந்தும் கதை ஒன்று உண்டு. எல்எக்ஸ்டிஇ என்ற லேசான டெஸ்க்டாப் சூழல் 2006-இல் தொடங்கியது. அதுவும் ஜிடிகே 2-தான். ரேஸர்-க்யூடி என்று வேறொரு குழு, பெயருக்கு ஏற்றபடி க்யூடியில் எழுதிக்கொண்டிருந்தது. எல்எக்ஸ்டிஇயைத் தொடங்கிய ஹாங் ஜென் யீக்கு ஜிடிகே 3 போகும் திசை பிடிக்கவில்லை. 2013-இல் தன்னுடைய கோப்பு மேலாளரான பிசிமேன்எஃப்எம்மை ஒரு சோதனையாக க்யூடிக்கு மாற்றிப் பார்த்தார். அந்த வருடமே இரண்டு குழுவும் சேர்வதாக அறிவித்தன. 2014 மே மாதம், சேர்ந்து எழுதிய எல்எக்ஸ்க்யூடியின் 0.7 பதிப்பு வெளிவந்தது. கோப்பு மேலாளர் எல்எக்ஸ்டிஇ பக்கத்திலிருந்து வந்தது. பேனல் ரேஸர் பக்கத்திலிருந்து வந்தது.

அறிவிப்புக்கு முன்பே ஓடுகிற கோட் ஒன்று கையில் இருந்தது, பாருங்கள். நீங்களும் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். பெயர், தலைமை, சின்னம் எல்லாவற்றையும் ஒத்திப் போடுங்கள். ஒரே ஒரு பகுதியை எடுங்கள். உங்கள் கோப்பு மேலாளரோ, அவர்களுடைய செட்டிங்ஸ் திரையோ, எதுவானாலும் சரி. அதை இரண்டு குழுவும் சேர்ந்து ஒரு ரிலீஸ் வரைக்கும் கொண்டு போங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பிய பேட்ச்சுக்கு (கோட் திருத்தத்துக்கு) அந்தப் பக்கம் என்ன தொனியில் பதில் வருகிறது என்பது அந்த ஒரு ரிலீஸில் தெரிந்துவிடும். எத்தனை கூட்டம் போட்டாலும் அது தெரியாது.

இன்னொன்று, பொறுமை. எல்எக்ஸ்க்யூடி 1.0 வர 2021 நவம்பர் ஆயிற்று. எல்எக்ஸ்டிஇயோடு வந்துகொண்டிருந்த லினக்ஸ் தொகுப்பான லுபுண்டுவே 18.10 பதிப்பில்தான் அதற்கு மாறியது. சேர்ந்த மறுநாளே வேலை பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் வருடம் கூடத்தான் செய்யும்.

மனம் நோகக் கூடாது என்று இரண்டு பேனலையும் வைத்துக்கொள்ளும் யோசனை நிச்சயம் வரும். உங்கள் பக்கத்திலிருந்தே வரும். மறுத்துவிடுங்கள். ஜிடிகேயில் ஒரு நிரலும் க்யூடியில் ஒரு நிரலும் திறந்திருந்தால் இரண்டு நூலகங்களும் நினைவகத்தில் ஏறி உட்காரும். 1 ஜிபி ரேம் உள்ள கணினிக்காக எழுதுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்யக் கூடாது. எது போகும், எது இருக்கும் என்பதை முதல் வாரத்திலேயே எழுதி வையுங்கள். உங்கள் பேனல் போகட்டும். பதிலுக்கு அவர்களுடைய கோப்பு மேலாளர் போக வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

லைசென்ஸை இப்போதே பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் ஜிபிஎல் என்ற திறமூல லைசென்ஸின் ‘2-ஆம் பதிப்பு மட்டும்’, இன்னொரு பக்கம் ஜிபிஎல் 3 என்றால் கோடைக் கலக்க முடியாது. லைசென்ஸை மாற்ற, அந்தக் கோடை எழுதிய ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரே ஒரு பேட்ச் அனுப்பிவிட்டுக் காணாமல் போன ஆளைத் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்று தேடியவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, ஐந்து வருட உழைப்பு. தூக்கிப் போடுவது என்று நீங்கள் எழுதிய சொல்லில் வலி இருக்கிறது. அதற்கு நடைமுறையில் ஒன்று செய்யலாம். உங்கள் கோப்புகளைப் பிரதி எடுத்துப் புது ரெப்போவில் (கோட் சேமிப்பிடத்தில்) ஒட்டிவிட்டால், எல்லாம் ஒட்டியவர் பெயரில் ஒரே கமிட்டாக, அதாவது ஒரே மாற்றப் பதிவாக நிற்கும். அதற்கு விடாதீர்கள். தொடர்பில்லாத இரண்டு வரலாறுகளை இணைக்க, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் வழி இருக்கிறது. அப்படி இணைத்தால் ஐந்து வருடத்துக்கு முன் நீங்கள் திருத்திய வரி, உங்கள் பெயரோடும் தேதியோடும் அப்படியே இருக்கும். பேனல் பின்னால் நீக்கப்பட்டாலும், நீக்கியது ஒரு கமிட். எழுதியதும் அங்கேயேதான் இருக்கும்.

பயனர்களையும் மறந்துவிடாதீர்கள். நான் பல வருடம் பயன்படுத்திய ஒரு குட்டி நிரல் இப்படித்தான் வேறொன்றோடு சேர்ந்தது. ஒரு நாள் அப்டேட் போட்டேன். மறுபடி திறந்தால் என் குறுக்குவிசைகள், நான் அடுக்கி வைத்த பட்டன்கள், எதுவும் இல்லை. அமைப்புக் கோப்புறையின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். பழையதைப் படித்துப் புதியதில் எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஐம்பது வரி ஸ்கிரிப்ட் போதும் அதற்கு. அன்றைக்கு நான் வேறு நிரலுக்கு மாறினேன். நான் ஒரு பிழைப் புகார் கூடப் பதியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்படிப் போகிறவர்கள் சத்தமில்லாமல்தான் போவார்கள்.

யாருடைய பெயர் நிற்கும் என்ற கேள்வியும் வரும். ரவுட்டர்களுக்கான இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டியிலிருந்து 2016-இல் ஒரு குழு பிரிந்து எல்இடிஇ என்று தொடங்கியது. 2018 ஜனவரியில் மறுபடி சேர்ந்தார்கள். பெயர் ஓப்பன்டபிள்யூஆர்டி, கோடும் வேலை செய்யும் விதிகளும் எல்இடிஇயுடையவை. ஒருவருக்குப் பெயர்ப் பலகை, இன்னொருவருக்கு வீடு. உங்கள் பேச்சிலும் அப்படிக் கொடுக்கல் வாங்கல் நடக்கட்டும். அவர்கள் பெயருக்காகப் பிடிவாதம் பிடித்தால் விட்டுக்கொடுத்துவிட்டு, ரிலீஸ் போடும் உரிமையை இரண்டு பக்கமும் ஒவ்வொருவருக்குக் கேளுங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது, ரிலீஸ் அசல்தான் என்று காட்டும் கையொப்பச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். ஒரே ஆளிடம் எல்லாம் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு நாள் அவருக்கு வேலை மாறும், குழந்தை பிறக்கும்.

அப்புறம் அந்தச் சிட்டுக்குருவி. அதைப் புதுச் சின்னமாக்கச் சண்டை போடாதீர்கள். வால்பேப்பர் பட்டியலில் ஒரு இடம் கேளுங்கள், கட்டாயம் கொடுப்பார்கள். முதல் படமாக வேண்டாம், அதற்கு அவர்களும் ஏதாவது வைத்திருப்பார்கள். இரண்டாவதாக இருக்கட்டும்.