மழைக்கு ஏது வாய்?

கேள்வி: ‘இந்த ஆண்டும் மழை பொய்த்தது’ என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். பொய் என்பது மனிதன் வாயால் சொல்வது. மழைக்கு ஏது வாய்? ‘மழை பெய்யவில்லை’ என்று நேராக எழுதினால் என்ன?

பதில்: எழுதலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பாலைவனத்தில் மழை பெய்வதில்லை. அதனால் அங்கே அது பொய்ப்பதும் இல்லை. விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்ப்பவர் இருக்கும் இடத்தில்தான் மழை பொய்க்கும். வரும் என்று நம்பியிருந்தது வராமல் போனால் அதற்குத் தமிழில் பொய்த்தல் என்றுதான் பெயர். கணிப்பு பொய்த்தது, கனவு பொய்த்தது என்கிறோமே, அவற்றுக்கு மட்டும் வாய் இருக்கிறதா?

இது பத்திரிகைக்காரர்கள் உண்டாக்கிய வழக்கும் இல்லை. ‘விண்இன்று பொய்ப்பின்’ என்று வான்சிறப்பில் சொல்கிறார் வள்ளுவர் (குறள் 13). அவரே வாய்மை அதிகாரத்தில் ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்று மனிதனிடம் சொல்கிறார் (குறள் 293). விண்ணுக்கும் மனிதனுக்கும் ஒரே வினைச்சொல். இரண்டு இடத்திலும் ‘சொல்’ என்ற துணை அதற்குத் தேவைப்படவில்லை. நாம்தான் ‘பொய் சொன்னான், பொய் சொன்னாள்’ என்று பேசிப் பேசி அதை நாக்கோடு கட்டிப்போட்டுவிட்டோம். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சரி, நாக்கே இல்லாத பொய்களைப் பாருங்கள். பொய்க்கால் குதிரை ஆடுபவர் மரக்கால் கட்டியிருப்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் ஏமாறுவதில்லை. அப்புறம் பொய்த்தூக்கம். குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருக்கும். இமை மட்டும் துடிக்கும். ‘நெஜமா தூங்கினா கால் ஆடுமே’ என்று அம்மா சொன்னதும் போர்வைக்குள் கால் மெல்ல ஆடும். ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் பொய். இதைப் புளுகு என்றோ புரட்டு என்றோ யாராவது சொல்வார்களா? புளுகுக்குத்தான் வாய் வேண்டும்.

எழுத்தில் ‘பொய்’க்கும் ‘பெய்’க்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு துணைக்கால். ‘மழை பொய்த்தது’ என்று நான் எழுதிக் கொடுத்தது ‘மழை பெய்தது’ என்று திருத்தப்பட்டு வந்ததைக் கடைசி நேரத்தில் பிடித்திருக்கிறேன். திருத்தியவருக்கும் உங்களுக்கு வந்த சந்தேகமே வந்திருக்க வேண்டும். செய்தியே தலைகீழாகப் போயிருக்கும்.

பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், மலையில் பிறந்து கடலுக்கு வரும் காவிரியை ‘வான்பொய்ப்பினும் தான்பொய்யா’ என்கிறார். வானம் கைவிட்டாலும் அவள் கைவிடமாட்டாள் என்று ஒரு நாடே நம்பியிருந்தது அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. அதையே ‘மழை பெய்யாவிட்டாலும் ஆற்றில் தண்ணீர் வரும்’ என்று நேராக எழுதி, இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.