சிகரெட்டும் நெடுந்தூர ஓட்டமும்: குமரிக்காரர்களின் கேள்விகள்

நாகர்கோவிலில் எங்களோடு காலையில் ஓட வருகிறவர்களிடம், புகைப்பழக்கத்தோடு ஓடுவது பற்றி எதையும் தயங்காமல் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் நிறைய வந்துவிட்டன. நான் உடற்கல்வி ஆசிரியர். 14 வருடம் சிகரெட் பிடித்தேன், அதில் கடைசி 5 வருடம் ஓடிக்கொண்டே பிடித்தேன். விட்டு 9 வருடம் ஆகிறது. டாக்டர் இல்லை என்பதால் மருந்து விஷயம் வந்தால் டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

தக்கலை, பைக் மெக்கானிக், வயது 27: அண்ணே, தினமும் எட்டு சிகரெட். பத்து கிலோமீட்டர் ஓட ஆசை. ஒரு கிலோமீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது. முதலில் சிகரெட்டை விட்டுவிட்டு ஓட வரட்டுமா, இல்லை இப்படியே வரலாமா?

இப்படியே வாருங்கள் தம்பி. "விட்டபிறகு ஓடுகிறேன்" என்று சொன்ன பலரைப் பார்த்திருக்கிறேன், அவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் செய்யவில்லை.

ஆனால் மூச்சு ஏன் முட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தினமும் ஒரு பாக்கெட் பிடிப்பவரின் ஹீமோகுளோபினில் சுமார் 5 சதவீதம் இப்படி முடங்கிக் கிடக்கும். உட்கார்ந்திருக்கும்போது அது தெரியாது. ஓடும்போது காலுக்கு ஆக்சிஜன் போதாமல் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். நிகோடின் ஏற்கெனவே துடிப்பை நிமிடத்துக்கு 10, 15 கூட்டி வைத்திருக்கும். அதோடு புகை பட்டு மூச்சுக்குழாய் சுருங்கும், சளி கூடும். ஆக, உங்கள் காலில் குறை ஒன்றும் இல்லை, காலுக்குப் போய்ச் சேர வேண்டியது சேரவில்லை.

முதல் ஆறு வாரம் வேகத்தை மறந்துவிடுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மொத்தம் அரை மணி நேரம், வாரத்தில் நான்கு நாள். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் உடனே நடைக்கு மாறுங்கள். புகை பிடிக்காத நண்பரின் வேகத்தைத் துரத்தாதீர்கள். ஓட்டத்தை வெறுத்து நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நிறுத்துகிறார்கள்.

குளச்சல்: ஓட்டத்துக்கு முன்னால் பிடிப்பது மோசமா, பின்னால் பிடிப்பதா?

முன்னால் பிடித்தால் ஓட்டம் கெடும். ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே சும்மா இருக்கும்போது 4, 5 மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்கு ஒன்று பிடித்துவிட்டு ஐந்தரைக்கு ஓடினால், உச்சத்தில் இருக்கும்போதே ஓடுகிறீர்கள்.

ஆனால் எனக்கு அதிக பயம் பின்னால் பிடிப்பதைப் பற்றித்தான். நீண்ட ஓட்டம் முடிந்து வியர்வையில் நீர் வற்றி, இதயம் இன்னும் இறங்காமல் இருக்கும் நேரம் அது. புகை இதயத்தின் ரத்தக்குழாயைச் சுருக்கும், ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். அந்த நேரத்தில் அதைச் செய்ய வேண்டாம். ஓடி முடித்துச் சாயாக்கடையில் எல்லோரும் நிற்கும்போதுதான் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் ஆறு மாதம் அந்தக் கடைப்பக்கமே போகவில்லை. வீட்டிலிருந்து மட்டிப்பழமும் ஒரு குப்பி உப்பு போட்ட மோரும் கொண்டுபோய், ஓட்டம் முடிந்த இடத்திலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவேன்.

மார்த்தாண்டம்: நன்றாக வியர்த்து ஓடினால் நெஞ்சிலுள்ள கறை எல்லாம் வெளியே போய்விடும் என்கிறார்களே?

போகாது. வியர்வை உடம்பைக் குளிர வைக்கத்தான். நுரையீரலைத் துடைப்பது மூச்சுக்குழாயில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகளின் வேலை, அவற்றைத்தான் புகை முடக்குகிறது. புகையை நிறுத்தினால் அவை திரும்ப வேலை செய்யத் தொடங்கும்.

குலசேகரம், ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி: நான் சிகரெட் வலிப்பதில்லை, பீடிதான். அது இலைதானே, கேடு குறைவுதானே? வேலை விடியற்காலையில் என்பதால் சாயங்காலம்தான் ஓட முடியும்.

பீடியில் கேடு குறைவில்லை அண்ணாச்சி. புகையிலை கொஞ்சம்தான், ஆனால் பீடி அடிக்கடி அணைந்துபோகும். அணையாமல் இருக்க வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கும். தாரும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல், பெரும்பாலும் கூடுதலாகவே உள்ளே போகின்றன.

சாயங்கால ஓட்டம் தாராளமாகப் போதும். மேடும் பள்ளமுமான தோட்டத்தில் விடியுமுன் மரம் மரமாக நடக்கிறவர் நீங்கள், கால் பலம் ஏற்கெனவே இருக்கிறது. மதியத்துக்குப் பிறகு பீடியைத் தொடாமல் ஆறு மணிக்கு ஓடிப் பாருங்கள். மதியத்துக்குப் பிறகும் வலித்த ஒரு நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே தூரம், அதே வழி. கையில் வாட்ச் மட்டும் போதும்.

கல்குளம் பக்கம், வயது 34: ஆறு வருடமாகச் சிவாலய ஓட்டம் ஓடுகிறேன். மாலை போட்டு விரதம் இருக்கும் ஒரு வாரம் சிகரெட்டைத் தொடுவதில்லை. நட்டாலத்தில் முடித்து வீட்டுக்கு வந்ததும் திரும்பவும் பிடித்துவிடுகிறேன். என்ன செய்ய?

எல்லாக் கேள்விகளிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: மாசி சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று பன்னிரண்டு சிவன் கோயில்களைத் தொட்டு, திருநட்டாலத்தில் முடிப்பார்கள். கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று சொல்லிக்கொண்டு 100 கிலோமீட்டருக்கு மேல். மாரத்தான் 42.195 கிலோமீட்டர். நம் ஊர் ஆட்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தார் ரோட்டில் வெறுங்காலோடு போகிறார்கள்.

இப்போது உங்கள் விஷயம். நிகோடினை விட்டால் முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாக அடங்கும். ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளிலேயே இயல்புக்கு வந்துவிடும். அதாவது ஒவ்வொரு வருடமும் மிகக் கடினமான பகுதியை நீங்கள் தாண்டிவிடுகிறீர்கள். தாண்டி, நூறு கிலோமீட்டரும் ஓடிவிட்டு, வாசலுக்கு வந்து திரும்பிப் போகிறீர்கள்.

ஏன் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். விரதத்துக்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது. மனசு அந்த நாளுக்காகவே காத்திருக்கும். அதனால் இந்த முறை மாலையைக் கழற்றும் நாளுக்கு முன்பே அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள், சித்திரை விஷு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவராத்திரிக்கு மறுநாள் கால் வீங்கி, உடம்பு வலித்து, சும்மா படுத்திருப்பீர்கள். அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் ஆபத்து. வீட்டில் ஒரு சிகரெட்கூட இருக்கக் கூடாது. அன்றைக்குப் பார்க்க வரும் நண்பர்களிடமும் முன்பே சொல்லிவையுங்கள். நான்காம் நாளிலிருந்து அரை மணி நேரம் நடங்கள். ஆசை வரும்போது பத்து நிமிடம் வேகமாக நடந்தாலே அதன் வேகம் குறையும். ஆறு வருடம் ஒரு வாரம் இருந்தவருக்கு ஏழு வாரம் இருக்க முடியும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

நாகர்கோவில், ஒரு சகோதரி: கணவருக்கு வயது 44. தினமும் ஒரு பாக்கெட். 21 கிலோமீட்டர் போட்டிக்குப் பயிற்சி செய்கிறார். "ஓடுகிறேன், எனக்கு ஒன்றும் வராது" என்கிறார். போன வாரம் ஓடும்போது நெஞ்சில் பாரம்போல் இருந்ததாகச் சொன்னார், நின்றதும் சரியாகிவிட்டதாம்.

அக்கா, இன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி, இன்றைக்கே இதய மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். முயற்சி செய்யும்போது வந்து, நின்றால் போகும் பாரம் இதய ரத்தக்குழாய் அடைப்பின் அடையாளமாக இருக்கலாம். படுக்க வைத்து எடுக்கும் இசிஜி சரியாக இருந்தாலும் அதோடு திரும்பி வராதீர்கள். ஓடும்போது வந்த பாரம் என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், டிரெட்மில் சோதனை வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். பாரம் ஓய்விலும் வந்தால், தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்தால் 108-ஐ அழையுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக யோசிக்கவே வேண்டாம்.

ஓட்டம் இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் ஓடுவதால் சிகரெட்டின் கணக்கு கழிந்துவிடாது. புகையை விட்டு ஒரு வருடத்தில், புகையால் கூடிய மாரடைப்பு ஆபத்து பாதியாகக் குறையும். இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

ஆரல்வாய்மொழி: எங்கள் ஊர்க் காற்று அவ்வளவு சுத்தம். சிகரெட் கேட்டை அது குறைக்காதா?

குறைக்காது. நல்ல காற்றை இழுக்கும் அதே நெஞ்சுக்குள் புகையையும் இழுக்கிறீர்கள். ஆடிக் காற்றில் எதிர்த்து ஓடினால் வேகம் குறையும், அன்றைக்கு நேரத்தைப் பார்க்காதீர்கள்.

திருவட்டாறு: விட்டால் எடை கூடுமாமே? நிகோடின் சூயிங்கம் பயன்படுத்தலாமா?

சராசரியாக 4, 5 கிலோ கூடுவது உண்டு. ஓடுகிறவருக்கு அது குறையும். நாக்குக்கு ருசி திரும்பும்போது மரச்சீனியும் மீன்குழம்பும் ஒரு தட்டு கூடுதலாகவே போகும், முதல் மூன்று மாதம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சூயிங்கத்தை மிட்டாய்போல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். மெதுவாக மென்று, நாக்கு சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள், சுரீர் அடங்கியதும் திரும்ப மெல்லுங்கள். அதற்கு முன் 15 நிமிடம் சாயா, காப்பி வேண்டாம். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவர் எவ்வளவு மில்லிகிராம் வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். 1800 11 2356 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

இரணியல்: விட்டு மூன்று வாரம் ஆகிறது. இருமல் முன்பைவிடக் கூடியிருக்கிறது, ஓட்டமும் முன்னேறவில்லை.

நுரையீரல் தன்னைத் துடைக்கும்போது கொஞ்ச நாள் இருமல் கூடுவது சிலருக்கு நடக்கும். ரத்தம் வந்தாலோ, எடை குறைந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். மூச்சின் முன்னேற்றம் இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் தெரியவரும். உங்களுக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

கோட்டாறு: இன்னும் பிடிக்கிறேன். உடம்பில் சிகரெட் வாடை இருக்கும். எல்லோரோடும் ஓட வரக் கூச்சமாக இருக்கிறது.

ஞாயிறு காலை ஐந்தேகாலுக்கு அண்ணா ஸ்டேடியம் வாசலுக்கு வாருங்கள். கடைசியாக ஓடுகிறவரோடுதான் நான் எப்போதும் ஓடுவேன். பேசிக்கொண்டே போகலாம்.