பள்ளியில் சர்வே எடுக்க வருகிறார்களாம், கையெழுத்துப் போடலாமா? – கேள்வி பதில்

வளரிளம் பிள்ளைகளின் உடல்நலம், மனநலம் பற்றிய ஆய்வுகள் குறித்து தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் சமூக மருத்துவத் துறையில் வேலை செய்பவள்.

காரிமங்கலம், ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அம்மா: மேடம், ஏதோ காலேஜிலிருந்து மனநல சர்வே எடுக்க வருகிறார்களாம். பள்ளியில் ஒரு பேப்பர் கொடுத்துக் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கம்மா. யார் நடத்துகிறார்கள், என்ன கேட்பார்கள், ரத்தம் எடுப்பார்களா, பிள்ளையின் பெயர் வெளியே வருமா, ஆய்வு முறையானதா என்று பார்க்கிற எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது, சந்தேகம் என்றால் யாருக்குப் போன் செய்வது, இவ்வளவும் உங்களுக்குப் புரிகிற தமிழில் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி உங்கள் கையெழுத்து மட்டும் போதாது, 12 வயது தாண்டிய பிள்ளையிடம் தனியாக எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். நீங்கள் சரி என்று சொல்லி அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பாதியில் எழுந்து போனாலும் மார்க்கில் கை வைக்கக் கூடாது. இன்னொன்று, ரகசியம் காப்போம் என்று எழுதியிருந்தாலும், தனக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகப் பிள்ளை சொன்னால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். அதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட்டுக் கேள்வியை ஆரம்பிக்கிறவர்களைத்தான் நான் நம்புவேன்.

ஓசூர், ஒரு அப்பா: அந்த சர்வேயில் "செத்துப் போகலாம் என்று தோன்றியதா" என்றெல்லாம் கேட்கிறார்களாமே. சும்மா இருக்கிற பிள்ளைக்கு நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா?

இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகள், 2,342 மாணவர்கள். ஒரு பிரிவுக்குத் தற்கொலை பற்றிய கேள்விகளைக் கொடுத்து, இன்னொரு பிரிவுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டார்கள். 2005-இல் வெளியான முடிவின்படி, கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணமோ வேதனையோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்கும் கேட்டதால் கெடுதல் வரவில்லை.

என் கவலை வேறு. "ஆமாம்" என்று டிக் அடித்த பிள்ளையின் தாளைக் கட்டோடு எடுத்துப்போய், மாதக்கணக்கில் கழித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? அன்றைக்கே அந்தத் தாளைப் பார்க்க வேண்டும், அன்றைக்கே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்று தலைமையாசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416 எந்த நேரமும் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

பாலக்கோடு, பிளஸ் ஒன் மாணவன்: அக்கா, நெட்டில் ஒன்பது கேள்வி டெஸ்ட் போட்டேன், 14 வந்தது. எனக்கு டிப்ரஷனா?

அது பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளாக இருக்கும் தம்பி. கடந்த இரண்டு வாரத்தை மட்டும் கேட்கும், மொத்த மதிப்பெண் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் விசாரிக்க வேண்டும் என்றுதான் அர்த்தம், நோய் என்று அதுவே முடிவு கட்டாது. வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு, ஜி.எச்.சில் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போடு. சாகலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்று தோன்றியதா எனக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் தவிர வேறு எதைப் போட்டிருந்தாலும் இன்றைக்கே 14416-க்குப் பேசு.

அரூர், ஆசிரியை: வளரிளம் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஒரு செய்தி, 40 என்று இன்னொன்று. எது சரி?

இரண்டுமே அரசு எடுத்த அகில இந்தியக் கணக்குதான் டீச்சர், அளந்த விதம் வேறு. 59 என்பது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, 15 முதல் 19 வயதுப் பெண்கள், விரலில் குத்தி எடுத்த சொட்டு. 40 என்பது 2016-18 ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, 10 முதல் 19 வயதுப் பெண்கள், நரம்பில் எடுத்து லேபில் பார்த்தது. விரலைப் பிதுக்கினால் ரத்தத்தோடு திசுநீரும் சேர்ந்து அளவு குறைவாகக் காட்டக்கூடும். வயதும் வேறு, ஊசியும் வேறு என்பதால், 40-லிருந்து 59-க்கு ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். குறைந்த கணக்கை எடுத்தாலும் ஐந்தில் இரண்டு பெண்கள், அது போதும் வாராவாரம் அந்த நீல இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுக்க. வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மலம் கறுப்பாகப் போகும், பயப்படத் தேவையில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் மாத்திரை ஜன்னலுக்கு வெளியேதான் போகும்.

பென்னாகரம்: ஃப்ளோரைடு தண்ணீர் பிள்ளைகளின் அறிவைக் குறைக்கும் என்று படித்தேன். என் மகன் படிப்பில் மந்தம், அதனாலா?

2024 ஆகஸ்டில் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருப்பதற்கும் பிள்ளைகளின் ஐ.க்யூ. குறைவுக்கும் தொடர்பு உண்டு என்று மிதமான நம்பிக்கையோடு சொன்னது. 2025 ஜனவரியில் 74 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரையும் அதே பக்கம்தான், ஆனால் அந்த 74-இல் 52 ஆய்வுகளில் பிழைக்கு இடம் அதிகம் என்று அதை எழுதியவர்களே குறித்திருக்கிறார்கள். பெரும்பாலானவை ஒரே ஒருமுறை அளந்தவை. போர் தண்ணீரையே நம்பியிருக்கிற ஊரில் வறுமை, சத்துக்குறைவு, அயோடின் குறைவு எல்லாம் கூடவே இருக்கலாம், அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். மேலும் இதெல்லாம் கூட்டத்தின் சராசரி. உங்கள் மகன் விஷயத்தில் முதலில் கண், காது, ரத்தம் பாருங்கள்.

ஆனால் தண்ணீருக்கு இந்த விவாதம் முடிகிறவரை காத்திருக்க வேண்டாம். பல்லையும் எலும்பையும் அது கெடுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது, உங்கள் தெருக் குழாயில் அதில் போர் தண்ணீர் கலக்கிறதா என்று விசாரியுங்கள், குடிநீர் வடிகால் வாரிய லேபில் சோதிக்கக் கொடுங்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும்.

கிருஷ்ணகிரி, நர்சிங் மாணவி: மேம், இளவயதுத் திருமணமும் மனநலமும் என்று புராஜெக்ட். அஞ்செட்டி பக்கம் ஒரு பள்ளியில் 60 மாணவிகளிடம் கேட்கப்போகிறேன். போதுமா?

எண்ணிக்கையை விடு, ஆள் யார் என்று பாரும்மா. கல்யாணம் ஆன பெண் பெரும்பாலும் வகுப்பில் இருக்க மாட்டாள். படிப்பை நிறுத்தியவளும் இருக்க மாட்டாள். யாரைப் பற்றி எழுதப்போகிறாயோ அவளே இல்லாத இடத்தில் போய்க் கேட்டுவிட்டு, "இங்கே பிரச்சினை குறைவு" என்று எழுதினால் அதை நம்பி யாராவது ஒரு திட்டத்தையே நிறுத்தலாம். கிராம சுகாதார செவிலியரோடு வீட்டுக்குப் போ, பள்ளியிலிருந்து இடைநின்றவர்கள் பட்டியலைக் கேள். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதே. கன்னடமோ தெலுங்கோ பேசும் வீடு என்றால் அந்த மொழி தெரிந்த தோழியைக் கூட்டிப்போ. நெறிமுறைக் குழு அனுமதி கைக்கு வந்த பிறகுதான் முதல் வீட்டுக்குப் போக வேண்டும். எங்காவது 18 வயதுக்குள் கல்யாண ஏற்பாடு நடப்பது தெரிந்தால் புராஜெக்ட் கெட்டுப்போகும் என்று யோசிக்காமல் கைடிடம் சொல்லிவிட்டு, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசு.